காற்றுக்கு நாள் குறிப்பவர்

காற்றுக்கு நாள் குறிப்பவர் என்றொரு பிறவி இருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாள் குறிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்கள் பாவம், பஞ்சாங்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் அப்படியில்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஏஜியன் கடலின் மேல் எந்த நாளில், எந்தத் திசையிலிருந்து, என்ன வேகத்தில் காற்று வீச வேண்டும் என்பதை ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டு, காற்று சொன்னபடி கேட்கிறதா என்று அதன்பிறகு மாதக்கணக்கில் கண்காணிக்கிறவர். உங்கள் ஊரில் இவரைப் பார்த்ததில்லையா? ஏதென்ஸுக்கு வாருங்கள். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். வேண்டுமானால் திரும்பும்போது கையோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டும் போகலாம், நாங்கள் தடுக்க மாட்டோம்.

விளையாட்டு ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கடற்கரையில் ஓர் அறை அகலத்துக்குப் பட்டத்தைப் பறக்கவிட்டு, அதன் கயிறுகளை இடுப்புப் பட்டையில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, காலை ஒரு பலகையில் செருகி, காற்று இழுக்கிற இழுப்பில் அலைமேல் ஓடுவது. கைட்சர்ஃபிங் என்று பெயர். இதற்கு வேண்டியவை பட்டம், பலகை, காற்று. பட்டமும் பலகையும் கடையில் கிடைக்கின்றன. காற்று கடையில் கிடைப்பதில்லை என்பதால்தான் இந்தப் பிறவிக்கு வேலை வந்தது.

ஏதென்ஸின் ஹொலார்கோஸ் பகுதியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பந்தேலிஸை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. தொந்தி மேசையைத் தொட்டுவிட்டது. காலையில் எழுந்ததும் மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து வெளியே காற்றடிக்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா, பந்தேலிஸ் அலைபேசியைத் திறந்து ஜன்னலுக்கு வெளியே காற்றடிக்கிறதா என்று பார்ப்பார். எதிர்வீட்டுக்காரி உலர்த்திய போர்வை கொடியில் படபடவென்று அடித்துக்கொண்டு பறந்துவிடப் பார்க்கும். “காத்தே இல்ல” என்பார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரே ஒரு கணிப்பை நம்புகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் கணிப்பது ஒன்று, ஜெர்மானியர்கள் கணிப்பது ஒன்று, நார்வேக்காரர்கள் கணிப்பது ஒன்று, நம்மவர்கள் தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டே சொல்வது ஒன்று. இந்த நால்வரையும் பந்தேலிஸ் பாகப்பிரிவினைக்கு வந்த சித்தப்பாக்களைப் போல நடத்துவார். பிரெஞ்சுக்காரன் எதையும் பெரிதுபடுத்துவான், பாதியைக் கழித்துவிட வேண்டும். ஜெர்மானியன் கஞ்சன், கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். நார்வேக்காரனுக்கு நம் கடலைப் பற்றி என்ன தெரியும். நம்மவர் சொன்னால் அது நடந்து முடிந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, காற்றின் வேகத்தை நிறத்தால் காட்டும் கடல் படத்தில் நாக்ஸோஸ் தீவைச் சுற்றிச் சிவப்பு நிறம் தென்பட்டுவிட்டால், சட்டைக் காலரை விலக்கி, குனிந்து, தன் மார்பிலேயே “த்தூ, த்தூ, த்தூ” என்று துப்பிக்கொள்வார். திருஷ்டி கழிக்கிறாராம். யார் கண் படப்போகிறது? வேறு யார் அதைப் பார்க்கிறார்கள்? தன் கண்ணே பட்டுவிடுமோ என்றுதான் அந்த மனிதருக்குப் பயம்.

பிப்ரவரியில் தீவுக்குத் தொலைபேசி செய்வது இந்த இனத்தின் முக்கியமான சடங்கு. கடற்கரையில் அறைகள் வாடகைக்கு விடுகிற கலியோப்பி அம்மாள் குளிருக்கு அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“அம்மா, நான் பந்தேலிஸ் பேசறேன், ஏதென்ஸ்லேருந்து.”

“எந்த பந்தேலிஸ்?”

“காத்து பந்தேலிஸ்.”

“அட, நீயா! சொல்லுப்பா. ரூம் வேணுமா?”

“ரூம் அப்புறம். காத்து எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“எவ்வளவு இருக்கு?”

“என் கோழிக்கூட்டுக் கூரையத் தூக்கிட்டுப் போற அளவுக்கு இருக்கு.”

“எந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போச்சு? தெற்கா, தென்கிழக்கா?”

“பாதிரியார் வீட்டுப் பக்கமா. போய்க் கேட்டா தரமாட்டேங்கறார்ப்பா. கடவுளாப் பாத்துக் குடுத்ததுங்கறார்.”

பாதிரியார் வீடு தென்கிழக்கில்தான் இருக்கிறது; ஆகவே காற்று வடமேற்கிலிருந்து; ஆகவே கோடையில் மெல்தெமி பிரமாதமாக இருக்கும். பந்தேலிஸ் திருப்தியாகப் போனை வைப்பார். கூரை போன கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். கேட்கமாட்டார்.

மெல்தெமி என்பது எங்கள் கோடைக்காற்று. வடக்கிலிருந்து வரும்; வந்தால் மேசை விரிப்பு, தொப்பி, நாற்காலி, நல்ல மனநிலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும். ஊரே அதைத் திட்டும்போது இந்த ஒரு கூட்டம் மட்டும் அதற்காகத் தவம் கிடக்கும். முன்பெல்லாம் பந்தேலிஸின் பின்னால் இரண்டு வண்டி நிறைய நண்பர்கள் கிளம்புவார்கள். ஒரு வருடம் காற்றுக்காக விடுமுறையைத் தள்ளிவைத்தார். தள்ளிவைத்த வாரத்தில் கடல் கண்ணாடியாகக் கிடந்தது. விட்டுவிட்ட வாரத்தில் தீவே பறந்தது. அடுத்த வருடம் முன்னே இழுத்தார், அப்போதும் அதே கதை. அதற்கடுத்த வருடம் காற்று நல்லபிள்ளையாகக் குறித்த நாளில் வந்து நின்றது. பந்தேலிஸுக்கு அதை நம்ப மனம் வரவில்லை. “அடுத்த கடற்கரைல இதவிட நல்லா இருக்கும்” என்று எல்லோரையும் வண்டியில் ஏற்றித் தீவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த விடுமுறை முழுவதும் அவர்கள் காற்றை வண்டி ஜன்னல் வழியாகத்தான் அனுபவித்தார்கள். அத்தோடு நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவர் மலையில் வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னார். ஒரு தம்பதி தங்களுக்குக் குழந்தை பிறக்கப்போவதாகச் சொன்னார்கள். அந்தக் குழந்தை இன்றுவரை பிறக்கவில்லை.

அவருக்கு அந்த விளையாட்டு தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். பட்டத்தை ஊதுவார், கயிறுகளைச் சிக்கெடுப்பார், இடுப்புப் பட்டையை மாட்டுவார், கரையில் நின்று “இன்னும் கொஞ்சம் வலுக்கட்டும்” என்பார். வலுத்ததும் “கொஞ்சம் அடங்கட்டும்” என்பார். பிறகு இருட்டிவிடும்.

உண்மையில் ஓட்டத் தெரிந்தவள் அவர் மனைவி எவாந்தியா. வீட்டுக்குக் கீழே, தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கோடையில் அந்த வட்டாரத்து மருந்துக்கடைக்காரர்கள் கூடிப் பேசி ஆளுக்கொரு வாரம் என்று கடையை மூடிக்கொள்வார்கள். இருமலும் வயிற்றுவலியும் விடுமுறை எடுப்பதில்லை அல்லவா? அந்த ஒரு வாரம்தான் அவளுடையது. எந்த வாரம் என்பதை மே மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும். வருடாவருடம் அவள் கணவரைக் கேட்பாள், அவர் வருடாவருடம் ஒரே பதிலைச் சொல்வார்: “அடுத்த கணிப்பு வரட்டும்.” கடைசியில் மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சிய வாரம் அவளுக்குக் கிடைக்கும்.

இந்த வருடம் மே மாதத்தில் ஒரு மாலை, பால்கனியில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோள் கொஞ்ச காலமாகவே அவளைப் படுத்திக்கொண்டிருந்தது.

“பந்தேலி, டாக்டரப் பாத்தேன். செப்டம்பர்ல அறுத்துடலாம்னாரு.”

“சரி பண்ணிடுவாராமா?”

“கை தூக்கலாம், தல சீவலாம், மேல் தட்டுலேருந்து மருந்து எடுக்கலாம். பட்டத்த மட்டும் மறந்துடுங்கன்னாரு.” அவள் ஒரு பீன்ஸை எடுத்து இரண்டாக ஒடித்தாள். “அதுக்கு முன்னாடி வலி தாங்க முடிஞ்சா ஓட்டிக்கலாமாம். அதனால இந்த வருஷம் நான் தண்ணில இறங்கணும். அவ்வளவுதான். எந்தத் தீவா இருந்தாலும் சரி, எந்தக் காத்தா இருந்தாலும் சரி.”

பந்தேலிஸ் அலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். உண்மையாகவே கவிழ்த்து வைத்தார். இந்த மனிதர்களைக் கேலி செய்யலாமே தவிர, மனசில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர் எழுந்துபோய் அவள் தலையில் முத்தமிட்டார். வேறொருவராக இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பட்டத்தையும் பலகையையும் வண்டியில் போட்டு, கண்ணில் பட்ட முதல் கடற்கரையில் மனைவியை இறக்கிவிட்டிருப்பார். இவர் உள்ளே போய்க் கணினியைத் திறந்தார். கடைசிக் கோடை என்றால் சாதாரணக் காற்றைக் கொடுக்க முடியுமா? பார்த்தவர்கள் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்படியான காற்றைக் கொடுக்க வேண்டாமா? அன்பு வந்தால் சிலர் பூ வாங்குவார்கள், சிலர் பாட்டுப் பாடுவார்கள். காற்றுக்கு நாள் குறிப்பவருக்கு அன்பு வந்தால் பழைய வருடங்களின் காற்றையெல்லாம் தோண்டி எடுத்து, ஒவ்வோர் ஆகஸ்டிலும் மிகப் பலமாக வீசியது எந்த வாரம் என்று ஆராய்வார்.

ஆராய்ந்தார். மாதாவின் பெருநாளுக்கு முந்திய வாரம் என்று விடை வந்தது. எவாந்தியா கடைக்காரர்களிடம் அந்த வாரத்தைக் கேட்டு வாங்கினாள். மற்றவர்களும் கேட்ட வாரம் அது. யாரோ ஒருவருக்காக அடுத்த வருடத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறையை அவள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

பயணத்துக்கு மூன்றாவது ஆளாகச் சேர்ந்தவன் அவளுடைய தம்பி மாந்தோஸ். வக்கீல். ஆகஸ்டில் நீதிமன்றங்கள் மூடிவிடும். இவன் மனதளவில் மே மாதமே மூடிவிடுவான். எதையும் திட்டமிடாதவன், போன வருடம் தீவுக்கு வரும்போது குளிக்கிற அரைக்கால் சட்டையை மறந்துவிட்டு, எடுத்துவந்த கோட்டோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்தவன்.

“மாமா, எந்தக் கப்பல்ல போறோம்?” என்று கேட்டான்.

“ரஃபீனாலேருந்து வேகக் கப்பல். விடியக்காலைல ஒரு பெரிய கப்பல் இருக்கு, ஆனா அது ஊர்ந்து ஊர்ந்து போகும். வேகக் கப்பல்னா மத்தியானத்துக்குள்ள இறங்கிடலாம். மூணு மணிநேரக் காத்து நமக்கு மிச்சம்.”

“நீ எப்படி மாமா இப்படியெல்லாம் யோசிக்கிற?”

“அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன். நீ சட்டைய எடுத்துட்டு வா, போதும்.”

பிறகு நடந்ததுதான் அதிசயம். நாள் நெருங்க நெருங்க, கடல் படத்தில் நாக்ஸோஸைச் சுற்றிப் பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் சிவப்பாயிற்று. பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். நார்வேக்காரனும் ஆமாம் என்றான். புறப்படுவதற்கு முந்திய நாள் சிவப்பு ஊதாவாகிவிட்டது. பந்தேலிஸ் வாழ்க்கையில் ஊதாவைக் கண்டதில்லை. மார்பில் துப்பித் துப்பி வாய் உலர்ந்துபோயிற்று. சமையலறையில் மனைவியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். அவளும் ஆடினாள், தோளைப் பார்த்துப் பார்த்து. அவள் முகத்தில் பல வருடங்களாகக் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதை அவர் தன் கணிப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ரஃபீனா துறைமுகத்தில் நிற்க முடியவில்லை. அவ்வளவு காற்று. காப்பிக் கோப்பைகள் மேசையை விட்டு நடந்தன. பாய்மரப் படகுகளின் கம்பிகள் கூச்சலிட்டன. வண்டியின் கூரையில் கட்டியிருந்த பலகைகள் தாங்களாகவே தீவுக்குப் போய்விடும் போலிருந்தது. பந்தேலிஸ் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கண்ணை மூடி, தான் வரவழைத்த காற்றைத் தானே முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார். அப்போது ஒலிபெருக்கி இருமியது. பலத்த காற்றின் காரணமாக மறு அறிவிப்பு வரும்வரை கப்பல்கள் எதுவும் புறப்படாது என்றது.

எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். கடலில் காற்று ஓர் அளவைத் தாண்டினால் துறைமுகக் காவலர்கள் கப்பலைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். முதலில் வேகக் கப்பலை, அப்புறம் பெரிய கப்பலை. கோடையில் பாதிப் பேர் துறைமுகத்தில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருப்பது இதனால்தான். பந்தேலிஸுக்கும் தெரியும். சின்ன வயதில் அவரே அப்படி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் மே மாதத்திலிருந்து அவர் பார்த்ததெல்லாம் கடற்கரையில் வீசப்போகும் காற்றை. அதே காற்று வழியில் கப்பலின் மேலும் வீசித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கணக்கில் வரவே இல்லை. விடியற்காலையில் ஊர்ந்து ஊர்ந்து கிளம்பிய பெரிய கப்பல் தடைக்கு முன்பே போய்விட்டிருந்தது.

அவர் துறைமுகக் காவலரிடம் ஓடினார்.

“சார், தடைய எப்ப எடுப்பீங்க?”

“காத்து நின்னா.”

“காத்து நின்னா நான் எதுக்கு சார் போகணும்?”

காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கூரைமேல் கட்டியிருந்த பட்ட மூட்டைகளையும் பார்த்தார். “அத உங்க வீட்ல கேளுங்க” என்றார்.

திரும்பி வந்தவரைப் பார்த்து மாந்தோஸ் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை.

“மாமா, காத்து சொன்ன நேரத்துக்கு வந்துடுச்சு. நாமதான் இன்னும் போய்ச் சேரல.”

எவாந்தியா சிரிக்கவில்லை. “எத்தன நாளைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியல எவாந்தியா. அடுத்த கணிப்பு வரட்டும்.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே கேட்டது. அவள் தோளை ஒரு கையால் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி முகமெல்லாம் அடித்தது, அவள் விலக்கிவிடவில்லை.

“அக்கா,” என்றான் மாந்தோஸ், “அர்தேமிதா இங்கேருந்து பத்து நிமிஷம். அங்கயும் கடல்தான். அங்கயும் இதே காத்துதான்.”

“அர்தேமிதாவா!” பந்தேலிஸ் பதறிவிட்டார். “டேய், அது பஸ்ல போற கடற்கரைடா! வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சிக்னல் இருக்கு, அவ்வளவுதான். அதுக்காடா நான் ஜனவரிலேருந்து உக்காந்து...”

“மாந்தோ, என் பலகையயும் பட்டத்தயும் எறக்கு” என்றாள் எவாந்தியா.

“வரிசைய விட்டு வண்டிய எடுத்தா எடம் போயிடும். தடைய எடுத்தா?”

“நீ வண்டில இரு. நாங்க டாக்சில போறோம்.”

டாக்சிக்காரர் முனகினார், ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் முனகினார், பிறகு ஏற்றிக்கொண்டு போனார். பந்தேலிஸ் வரிசையில் தனியாக உட்கார்ந்தார். முன்னால் நின்ற வண்டியில் ஒரு குடும்பம் சீட்டாடத் தொடங்கியது. பின்னால் நின்றவன் தூங்கிவிட்டான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. சீட்டாடிய குடும்பத்திடம் சாவியைக் கொடுத்து, வரிசை நகர்ந்தால் வண்டியையும் நகர்த்தச் சொல்லிவிட்டு, அவரும் ஒரு டாக்சியைப் பிடித்தார்.

அர்தேமிதா கடற்கரையில் அன்று வானமெல்லாம் பட்டங்கள். குடும்பங்கள் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தன. மணலில் மாந்தோஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்து தேடினார். சிவப்புப் பட்டம். அதன் கீழே, நீரைக் கிழித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, எவாந்தியா. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் வேறொரு கடற்கரையில் யாரோ ஒரு நண்பனின் பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இவளை முதன்முதலாக இப்படித்தான் பார்த்தார். அப்போதும் இதே சாய்வு. அவள் திரும்பினாள், அலையில் ஏறினாள், இறங்கினாள். தோள் வலித்திருக்க வேண்டும். வாய் பெரிதாகத் திறந்திருந்தது, கத்துகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பந்தேலிஸின் கண்ணில் நீர் வந்தது. மணல் விழுந்தது என்று மாந்தோஸிடம் சொன்னார். அவருக்கு அந்த நிமிடம் தன் மனைவிமேல் இருந்த ஆசைக்கு அளவில்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

அப்போது அலைபேசி அதிர்ந்தது.

மாலையில் காற்று தணியும், தடை நீங்க வாய்ப்பு உண்டு என்றது. பிரெஞ்சுக்காரனிடம் சரிபார்த்தார். ஜெர்மானியனிடம் சரிபார்த்தார். நார்வேக்காரனிடம் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்தில் மாந்தோஸ் “ஐயோ அக்கா!” என்று துள்ளி எழுந்ததும், காற்றைத் திட்டிக்கொண்டிருந்தவர்களே கைதட்டியதும் அவர் காதில் எங்கோ தூரத்தில் விழுந்தன. தலையை நிமிர்த்தினார். கடலில் நுரைக்கோடு ஒன்று இருந்தது, வேறொன்றும் தென்படவில்லை. மீண்டும் குனிந்துகொண்டார்.

எவாந்தியா பலகையை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கக் கரையேறினாள். உப்பும் சிரிப்புமாக, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, நேராகக் கணவரிடம் வந்தாள்.

“பாத்தியா?”

“எவாந்தியா! தடைய எடுக்கப்போறாங்க! சாயங்காலக் கப்பல் போகுதாம்! ஓடு, ஓடு, தொடச்சிக்க!”

அவள் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாந்தோஸ் மணலைப் பார்த்தான்.

“நீ போய்ட்டு வா” என்றாள் அவள்.

“என்ன பேசற? ரூம் போட்டாச்சு, டிக்கெட் இருக்கு, எல்லாம்...”

“போய்ட்டு வா பந்தேலி. நான் கோவமாச் சொல்லல. எனக்கு இருக்கறது இந்த ஒரு வாரம். அதுல நான் கப்பல் ஏறப்போறதில்ல.”

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இந்த இடத்தில் ஒரு மனிதன் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான் என்றுதானே? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. பந்தேலிஸ் போனார். மனசில்லாமல்தான் போனார், இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனார், ஆனால் போனார். காற்று தணிந்தது, தடை நீங்கியது, மிச்சப் பட்டங்களைக் கூரையில் சுமந்த வண்டியோடு அவர் ஒருவராக நாக்ஸோஸில் இறங்கினார். கடல் கண்ணாடி. காற்று எங்கே? அது போக மனமில்லாமல் அர்தேமிதாவிலேயே கொஞ்சம் தங்கிவிட்டது. அக்காவும் தம்பியும் தினமும் பஸ்ஸில் போய் அதை அனுபவித்தார்கள், பலகையை ஓட்டுநர் முறைக்க முறைக்க. தோள் அனுமதித்தவரை ஓட்டினாள். அனுமதிக்காத நாட்களில் கரையில் படுத்துக்கொண்டு தம்பி மூக்குவழியாகக் கடலைக் குடிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். தீவிலிருந்து கணவரின் செய்தி காலையும் மாலையும் வந்துகொண்டிருந்தது: “நாளைக்குக் கட்டாயம் வரும்.”

செப்டம்பரில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனையில் பந்தேலிஸ் அவளை விட்டு நகரவில்லை. தலையணையைச் சரி செய்தார், சூப்பை ஊதி ஊதிக் கொடுத்தார், செவிலியர்களோடு சண்டை போட்டார். நல்ல கணவர்தான் என்று பக்கத்துக் கட்டில்காரி பொறாமைப்பட்டாள். ஒருநாள் மதியம், எவாந்தியாவின் கை தூளியில் தொங்க, அவள் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருக்கையில், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“மாந்தோ சொன்னான். அன்னிக்கு அர்தேமிதால நீ ரொம்ப ஒசரத்துக்குத் தாவினியாமே. ஜனங்கல்லாம் கை தட்டினாங்களாமே. எப்படி இருந்துச்சு?”

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபமே இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“எனக்கென்ன தெரியும்?” என்றாள். “நான் மேல இருந்தேன். எப்படி இருந்துச்சுன்னு கரைலேருந்து பாத்தவங்கதான் சொல்லணும்.”

இனி அவள் தாவப்போவதில்லை. அவர் பார்க்கப்போவதும் இல்லை. எந்த நாட்டுக்காரன் கணித்தாலும் அது திரும்பி வராது. பந்தேலிஸ் அவள் தலையணையை இன்னொரு முறை சரி செய்தார்.

நீங்கள் இந்த இனமில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பட்டமும் வேண்டாம், தீவும் வேண்டாம். கோயில் வாசலில் இறங்குவதற்குள் அடுத்த கோயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொன்னது நீங்கள் இல்லை. மகள் மேடையில் ஆடும்போது திரும்பும் வழியில் நெரிசல் இருக்குமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது வேறு யாரோ. இதைப் படிக்கத் தொடங்குமுன் இன்னும் எவ்வளவு நீளம் என்று கடைசிவரை புரட்டிப் பார்த்தது காற்றாகத்தான் இருக்க வேண்டும். சரி, முடிந்துவிட்டது, தலையை நிமிர்த்துங்கள். சற்று முன்னால் பக்கத்திலிருந்து யாரோ “பாத்தீங்களா?” என்று கேட்டார்களே, அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா?